கிழக்கு அறை இல்லாத மண்டபம்

அக்டோபர் 21, திங்கள்

பத்து நாளாக மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தை இன்றைக்குத் திறந்தார்கள். பழைய மண்டபம் இருந்த இடத்தில் வெறும் மண். பொக்லைன் வந்து மிச்சத்தையும் இடித்து, கல்லையும் கட்டையையும் மைதானத்து ஓரத்தில் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளைகள் அந்தக் குவியலைப் பார்த்தபடியே ப்ரேயருக்கு நின்றார்கள். நானும் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்பதாம் வகுப்பு பவதாரணி மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்தின் கிழக்கு அறைக் கூரை அவள் மேல் இறங்கிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்களாம். ஆம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். என் மடியில்தான் தலையை வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பாராட்டுகிறார்கள். "சௌந்தரம் டீச்சருக்குத்தான் அந்த மனசு வரும்" என்றார் கணக்கு டீச்சர். அதற்குப் பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. நேர் பஸ் கிடையாது, இரண்டு இடத்தில் மாற வேண்டும்.

மண்டபத்தை ஜூன் மாதமே அபாயம் என்று எழுதிப் பூட்டியாகிவிட்டது. தையல் மிஷின்கள் முன்பு கிழக்கு அறையில் இருந்ததால் சாவி என் பொறுப்பு. தையல் ரூம் ஆணியில் தொங்கிய சாவியைப் பவதாரணி யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படித்தான் தலைமையாசிரியை உண்ணாமலை மேடம் எழுதி வைத்திருக்கிறார். பவதாரணியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

புதுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பீரோவில் கிடந்த பழசைப் போட்டுக்கொண்டு எழுதுவதால் வரி வளைந்து போகிறது. நன்றாக இருந்த கண்ணாடியை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குடையத் தொலைப்பாக, பையத் தொலைப்பாக. மூக்குல கிடக்குறதத் தொலைச்சவ நீ ஒருத்திதான்" என்றார். சிரித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

மேடம் கூப்பிட்டு அனுப்பினார். எதிரில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே தலையில் எதையோ கட்டப் போகிறார் என்று அர்த்தம். பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன்.

"டீச்சர், அந்தக் கூளத்துல பாத்தீகளா? அத்தனையும் தரையில பதிச்சிருந்த ஆத்தங்குடிக் கல்லு. எம்புட்டுப் பூ, எம்புட்டுக் கலரு. குப்பையில கொட்ட மனசு வரல. நம்ம பிள்ளைகள வச்சு முன்வாசல் சுவத்துல மொசைக் மாதிரி ஒட்டிருவோம். மண்டபம் நின்ன மாதிரியே வரணும். பாரம்பரிய வாரம் பத்தொம்பதாந்தேதி தொடங்குது, அன்னைக்கே தெறந்துருவோம்."

"எனக்குத் தைக்கத்தான தெரியும் மேடம்."

"ஓவிய டீச்சர் போஸ்ட்டு நாலு வருஷமாக் காலி. நான் எங்க போறது? துணிய வெட்டி ஒட்டுறவுகளுக்குக் கல்ல வெட்டி ஒட்டத் தெரியாதா?"

இடிந்து விழுந்த கட்டடத்தை வைத்தே பாரம்பரியம் கொண்டாடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். மேடத்துக்கு அது உண்டு. சரி என்றேன். எழுந்து வரும்போது, "அப்பறம், பதினெட்டாந்தேதி கல்வி ஆபீசுலருந்து விசாரணைக்கு வாராக. நீங்க எழுத்துல ஒண்ணு குடுக்கணும். டைப் அடிச்சே வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். "அந்தப் பிள்ளைக்கு டிசி குடுத்து விட்டுருவோம். பூட்டுன எடத்துக்குச் சாவியக் களவாண்டு போற பிள்ளைய வச்சுக்கிட்டு மத்த பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்றது?"

டிசியில் என்ன காரணம் எழுதுவார் என்று கேட்டேன். "ஒழுக்கக் குறைவுன்னுதான் போடணும்" என்றார். அந்த வார்த்தையோடு வருகிற பெண்ணை இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது. அது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவரைக்காய் நறுக்கினேன். நான்கு வருஷத்தில் எனக்கு ரிட்டயர்மெண்ட்.

அக்டோபர் 28, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தேன். ரிஃபானா தலைவி. வாய் அதிகம், கை அதைவிட வேகம். பவதாரணியின் பக்கத்து இடத்தில் உட்காருகிறவள்.

நாள் முழுக்கக் கல் கழுவினோம். ஆத்தங்குடிக் கல்லில் நிறம் மேலே ஒரு தோல் அளவுக்குத்தான், அடியில் எல்லாம் சாம்பல் சிமெண்டு. உடைந்த விளிம்பில் பார்த்தால் தெரியும். பெயிண்ட் வாளிகளில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என்று பிரித்துப் போட்டோம். பெரிய துண்டுகளைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டினார்கள். ஆளுக்கொரு தட்டு என்று முறை வைத்துக்கொண்டு தட்டினார்கள். உடைப்பதில் என்ன சந்தோஷமோ.

அக்டோபர் 30, புதன்

படம் வெட்டி முடித்தேன். பழுப்புத் தாள் பன்னிரண்டை ஒட்டி, நடுவில் மடித்து, ஜாக்கெட்டுக்கு முன்பாகம் வெட்டுகிற மாதிரி ஒரு பாதியை மட்டும் வரைந்து வெட்டினேன். விரித்தால் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி ஒன்று போல வரும். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் மூன்று மூன்று தூண், மேலே வளைவு, உச்சியில் இரண்டு யானை. மேடம் பார்த்துவிட்டு, "அசல் மண்டபமே தோத்துப் போச்சு" என்றார்.

நாளைக்குத் தீபாவளி. அதிரச மாவு இன்னும் கிளறவில்லை.

நவம்பர் 1

அதிரசம் கல்லாகிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார்.

நவம்பர் 4, திங்கள்

கொத்தனார் சூசை சுவரைக் கொத்திப் பூசித் தந்தார். தாளை வைத்துச் சாக்பீசால் கோடு இழுத்தோம். நான்கு பக்கமும் கறுப்புக் கல் பார்டர் முதலில் ஒட்டியாயிற்று. சேலைக்குப் பார்டர் மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மத்தியானம் ரிஃபானா நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், கிழக்குப் பக்கம் ஒரு ரூம்பு ஒட்டுனாப்புல இருந்துச்சே. அது இல்லையே இதுல."

அப்போதுதான் நானும் பார்த்தேன். மண்டபம் இரண்டு பக்கமும் ஒன்று போல இருந்த கட்டடம் இல்லை. கிழக்கே மட்டும் ஓர் அறை துருத்திக்கொண்டு இருக்கும். நான் தாளை மடித்து மேற்குப் பாதியை வரைந்து வெட்டியிருக்கிறேன். விரித்ததும் கிழக்கும் மேற்கு மாதிரியே வந்துவிட்டது. முப்பது வருஷம் துணி வெட்டிய கைக்கு மடித்து வெட்டத்தான் தெரியும்.

"அது பின்னால கட்டுனது. மண்டபத்துல சேராது" என்றேன்.

"இல்ல டீச்சர், அதுலயும் இதே பூக்கல்லுதான கிடந்துச்சு."

"பார்டர் ஒட்டியாச்சு. வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தாள்.

நவம்பர் 6, புதன்

மழை. சுவர் நனையாமல் தார்ப்பாய் கட்டினோம். பிள்ளைகளைக் குவியலில் மிச்சம் இருந்த பச்சைக் கல் பொறுக்க அனுப்பினேன். ரிஃபானா திரும்பி வந்து கையை விரித்தாள். நெளிந்து போன ஒரு கண்ணாடி ஃபிரேம். ஒரு பக்கம் லென்ஸ் இல்லை. காதில் மாட்டுகிற கம்பியில் சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. மரை கழன்று போனதால் போன வருஷம் நான் சுற்றிய நூல். அதைச் சொல்லிப் பிள்ளைகள் என்னைக் கேலி பண்ணாத நாள் கிடையாது.

"டீச்சர், இது ஒங்க கண்ணாடிதான? அந்த ரூம்புக் கூளத்துல கிடந்துச்சு."

"என்னுது இல்ல."

"நூலு சுத்தியிருக்கு டீச்சர்."

"நூல் எல்லாரும் சுத்துவாக. குப்பையில போடு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அதற்கு மேல் இன்று முழுக்க வாய் அதிகமுள்ள அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சைக் கல் ஒன்றரை வாளி கிடைத்தது.

நவம்பர் 8, வெள்ளி

பவதாரணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நேற்றே வந்துவிட்டாளாம். கணக்கு டீச்சர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார். வளைவில் மஞ்சள் ஒட்டுகிற வேலை இருக்கிறது என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

சூசை இன்றைக்குக் கலவை குழைக்க ஒரு சித்தாளைக் கூட்டி வந்தார். மெலிந்த பெண், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கும்பிட்டாள். "நான் பவதாரணி அம்மா டீச்சர். இருளாயி."

சூசைக்கு இவள் யார் என்று தெரிந்துதான் கூட்டி வந்தாரா என்று தெரியவில்லை. கேட்டால், "எங்கயும் போய் வேலை செய்யத்தான வேணும் டீச்சர். இது வீட்டுக்குப் பக்கம், மத்தியானம் போய்ப் பிள்ளைக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்துரும்" என்றார்.

இருளாயி நன்றாக வேலை செய்கிறாள். வெள்ளை சிமெண்டைப் பிள்ளைகள் கேட்கிற பதத்துக்குக் கட்டி இல்லாமல் குழைத்துத் தருகிறாள். கல்லுக்குக் கல் உள்ள சந்தை அடைத்தபின் ஸ்பாஞ்சை எவ்வளவு ஈரமாகப் பிடித்துத் துடைக்க வேண்டும் என்று ரிஃபானாவுக்குக் காட்டித் தந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டியே நின்றேன். இடுப்பு வலிக்கிறது.

நவம்பர் 13, புதன்

டீ நேரத்தில் பிள்ளைகள் போனதும் இருளாயி என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் சிவப்புத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணுவதற்கு ஒரு காரணமும் இல்லாமல்.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு மூணு நாளாப் பாக்குறேன். எம்புள்ள பண்ணுனதுக்கு நீங்க மன்னிச்சுக்கிடணும். ஒங்க கைச் சாவிய எடுத்து ஒங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டா. அவ்வளவு பண்ணியும் நீங்கதான் மடியில போட்டுக் கொண்டு போயிருக்கீக."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுல அடுத்தவுக சாமான ஒரு துரும்பு எடுத்ததில்ல டீச்சர். எடுத்தியாடின்னு கேட்டேன். எடுத்தேன்னா. எதுக்குடின்னு கேட்டேன், வாயத் தொறக்கல. எனக்கு வந்த ஆத்தரத்துல கட்டில்ல கிடந்த பிள்ளைய அடிச்சுப்புட்டேன். கன்னத்துல ரெண்டு. கால்ல கம்பியோட கிடக்கா. நர்சம்மா வந்து என்னையப் பிடிச்சு இழுத்தாக. அழுவான்னு பாத்தேன், அழுகக்கூட இல்ல."

இருளாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கலவைச் சட்டிக்குப் போய்விட்டாள். நான் விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் உடம்பில் ஏதாவது ஓர் இடத்தில் வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். எல்லாருக்கும் சாக்லேட். இருளாயியும் கேட்டு ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

தூண்கள் முடிந்தன. யானைகள் பன்றி மாதிரி இருக்கின்றன என்று சூசை சொன்னார். தும்பிக்கையை நீட்டினோம்.

மேடம் டைப் அடித்த தாளைக் கொண்டுவந்து படிக்கக் கொடுத்தார். "மாணவி என் அனுமதியின்றி, எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துச் சென்றார்." நல்ல தமிழ். ஒற்றுப்பிழைகூட இல்லை. "திங்கக்கிழமை அவுக முன்னாடியே போட்டுருங்க" என்றார். ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இருளாயி சட்டியைக் கழுவிவிட்டு, கையை இடுப்பில் வைத்துச் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அம்புட்டும் இருக்கு டீச்சர். எம்புள்ள விழுந்து கிடந்த ரூம்பக் காணோமே."

"அளவு பத்தல" என்றேன்.

"அதுவுஞ்சரிதான். அது இருந்தாப் பாக்கயில எல்லாம் எம்புள்ள களவாண்டதத்தான் பேசுவாக. இல்லாம இருக்குறதே நல்லது டீச்சர்."

எனக்கு நன்றி சொல்கிற மாதிரி சொன்னாள். பஸ்ஸில் வரும்போது ஸ்டாப்பை விட்டுவிட்டேன். இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

நவம்பர் 16, சனி

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிப் பிள்ளைகளை வரவழைத்தோம். இருளாயி இன்று வரவில்லை. கூலி ஆள் தேவைப்படாத நாள்.

சூசையிடம் உளி கேட்டேன். எதற்கு என்றார். கிழக்குப் பக்கத்துப் பார்டரில் நான்கு கல்லை நானே கொத்தி எடுத்தேன். ஐந்தாவதில் கட்டைவிரல் நசுங்கியது. சூசை, "நல்லா இருந்த வேலையக் கெடுக்குறீகளே டீச்சர்" என்று தலையில் கை வைத்தார். பிறகு உளியை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அவரே கொத்தினார். நான் சாக்பீசை எடுத்து ஓர் அறை வரைந்தேன். ஒரு கதவு, ஒரு ஜன்னல்.

கலர்க் கல் எல்லாம் தீர்ந்துவிட்டது. கறுப்பும் வெள்ளையும்தான் மிச்சம். ரிஃபானா ஒன்றும் கேட்காமல் வெள்ளை வாளியை இழுத்துவந்து உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள். ஜன்னல் மேடைக்கு வந்ததும் நிமிர்ந்து, "கண்ணாடிய அங்கதான வச்சிருந்தீக டீச்சர்?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மறுபடி குனிந்து ஒட்டினாள்.

நவம்பர் 17, ஞாயிறு

இவர் சந்தைக்குப் போயிருக்கிறார். உள்ளதை எழுதுகிறேன்.

மண்டபத்தைப் பூட்டிய பிறகும் நான் சாவியை ஆபீசில் ஒப்படைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கு அறையில் போய்ப் படுப்பேன். அந்தத் தரை குளுகுளு என்று இருக்கும். வெறும் தரையில் கன்னத்தை வைத்து இருபது நிமிஷம். எனக்கு அது பழகிப்போய்விட்டது. உத்திரத்தில் விரிசல் இருந்தது தெரியும். படுத்துக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று பூஜைக்காக மிஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஊசி கோர்க்க வேண்டும், கண்ணாடி இல்லை. படுத்து எழுந்தபோது ஜன்னல் மேடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் பவதாரணி எண்ணெய்த் துணியோடு நின்றாள். சாவியை என் இடுப்பிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஆணியிலெல்லாம் தொங்கவில்லை. "ஓடிப்போய் எடுத்துட்டு வா, யாரும் பாத்துறாம" என்றேன். ஓடினாள்.

இதுவரை எழுதியதைப் படித்தால் ஏதோ ஒரு கிழவியின் மறதி மாதிரி இருக்கிறது. இதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். ஆம்புலன்சில் அவள் தலை என் மடியில். புழுதியில் கண் இமையெல்லாம் வெள்ளையாக இருந்தது. "டீச்சர், கண்ணாடிய எடுக்க முடியல" என்றாள். நான் குனிந்து அவள் காதில், "நானாத்தான் சாவிய எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிரு தாயி. மத்தத டீச்சர் பாத்துக்கிறேன்" என்றேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பதினாலு வயசு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நான் ஒரு பிள்ளையின் வாயில் மறைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. முப்பத்தெட்டு நாளில் இன்றைக்குத்தான் மனசில் ஏதோ ஒன்று இருக்கிறது.

இவர் வந்ததும் சொன்னேன். பையைக் கீழே வைத்தபடியே கேட்டார். "பென்ஷனு போயிரும்டி" என்றார். பையைத் திரும்ப எடுத்து நீட்டி, "மீனு வாங்கியாந்தேன், கழுவணும்" என்றார். கழுவினேன்.

நவம்பர் 18, திங்கள்

விசாரணைக்கு வந்தவர் இளவயதுக்காரர். மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேடம். பெற்றோர் தரப்பு என்று இருளாயியையும் கூப்பிட்டிருந்தார்கள். கலவை வேலையிலிருந்து நேரே வந்து, சிமெண்டுக் கையோடு கதவோரம் நின்றாள்.

டைப் அடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. "இதுல இருக்குறது பொய். சாவிய நான்தான் குடுத்தேன். அவளாப் போனதாச் சொல்லச் சொன்னதும் நான்தான்" என்றேன். கண்ணாடியையும் சொன்னேன். ஆம்புலன்சையும் சொன்னேன். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேடம், "டீச்சருக்கு அன்னையிலருந்து மனசு சரியில்ல சார்" என்றார். அவர் மேடத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, நான் சொன்னதை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். டிசி கிடையாது என்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கச் சொல்லிக் கடிதம் வரும் என்றார்.

வெளியே வந்தேன். இருளாயி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொன்னீக?" என்றாள். "அங்க வந்து சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். காலனியில் மூன்றாவது வீடு. வாசலைப் பார்த்த மாதிரி போட்ட கட்டிலில் பவதாரணி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். அந்த நிலையிலும் டீச்சருக்கு எழுந்திருக்கப் பார்த்தாள்.

விசாரணையில் சொன்னதை எல்லாம் திரும்பவும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

இருளாயி கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அடிக்கயிலயாச்சும் சொல்லியிருக்கலாமேடி. ரெண்டு அடி அடிச்சனே. ஏன்டி சொல்லல?"

"டீச்சர் வந்து சொல்லுவாகன்னு இருந்தேன்" என்றாள் பவதாரணி. "ஆஸ்பத்திரியில நாலு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் ஆளுகள உள்ள விடுவாக. தெனமும் நாலு மணிக்கு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடப்பேன். நீ அடிச்சன்னைக்கும் பாத்தேன். வீட்டுக்கு வந்த பெறகும் நாலு மணி ஆனாப் பாப்பேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வாய்விட்டு அழ வந்தது. அழவில்லை. நான் அழுதால் அந்த வீட்டில் யாராவது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டியிருக்கும்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்றைக்கு மொசைக் திறப்பு விழா. நான் போகவில்லை, வரச் சொல்லவும் இல்லை. அறைக்குக் கதவு மட்டும் ஒட்டி முடியவில்லையாம், அப்படியே திறந்துவிட்டார்களாம். ரிஃபானா ரோட்டில் பார்த்துச் சொன்னாள்.

நாலு மணிக்குப் பவதாரணி வீட்டுக்குப் போனேன். இருளாயி கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வா என்று சொல்லவில்லை. பவதாரணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஐந்து மணிவரை இருந்துவிட்டு வந்தேன்.